இறக்கை நுனிக்காக நிலத்தை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: கோவைக்கு அருகே ஃபைபர் பட்டறை நடத்துகிறேன். காற்றாலைகளின் தலைக்கூண்டு மூடிகள், பஸ் முகப்புகள், தொழிற்சாலைக் கூரைத் தகடுகள் செய்து கொடுக்கிறோம். மகன் வானூர்திப் பொறியியல் முடித்துவிட்டு என்னோடு இருக்கிறான். விமான இறக்கையின் நுனியில் மேல்நோக்கி வளைந்து நிற்கிறதே, அந்தப் பாகத்துக்கு உலகம் முழுக்கத் தேவை கூடிக்கொண்டே போகிறது என்று ஒரு சந்தை அறிக்கையின் சுருக்கத்தைக் காட்டினான். 'அதுவும் ஃபைபர்தானே அப்பா, நாமே செய்யலாம்' என்கிறான். பழைய ஆட்டோகிளேவ் (வெப்பமும் அழுத்தமும் கொடுத்துப் பாகத்தை இறுக வைக்கும் கலம்) ஒன்று விலைக்கு வருகிறது. வாங்க வேண்டுமானால் ஊரில் உள்ள இரண்டு ஏக்கரை அடமானம் வைக்க வேண்டும். தேவை கூடுவது உண்மையா? நாங்கள் இறங்கலாமா? கூடவே ஒரு சந்தேகம்: சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன விமானத்தில் அந்த வளைந்த நுனியே இல்லையே, ஏன்?

— கோவை வாசகர்

பதில்:

ஐயா, தேவை கூடுவது உண்மை. நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். முதல் வாக்கியம் உங்கள் மகனுக்கு, இரண்டாவது உங்களுக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாக இருக்கும் என்பதைச் சொல்லத்தான் கீழே இத்தனை நீளம். விமானங்களின் கார்பன் ஃபைபர் பாகங்களைச் செய்வதும் பழுதுபார்ப்பதுமே என் தொழில் என்பதால் பங்குச் சந்தைக்காரர் பார்வையில் அல்லாமல் பட்டறைக்காரர் பார்வையிலேயே பேசுகிறேன்.

அந்த நுனிக்கு என்ன வேலை என்பதிலிருந்து தொடங்கினால்தான் தேவை எங்கிருந்து வருகிறது என்று பிடிபடும். பறக்கும்போது இறக்கைக்கு அடியில் காற்றழுத்தம் கூடுதல், மேலே குறைவு. அந்த வித்தியாசம்தான் விமானத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. ஆனால் இறக்கை முடிகிற இடத்தில், மேட்டு வயல் தண்ணீர் வரப்பு உடைந்த வழியே பள்ள வயலுக்குப் பாய்வதுபோல, அடிக்காற்று விளிம்பைச் சுற்றிக்கொண்டு மேலே பாய்கிறது. பாய்ந்த காற்று சுழலாகி விமானத்துக்குப் பின்னால் நெடுந்தூரம் நீள்கிறது. அந்தச் சுழலைச் சுற்ற வைத்த ஆற்றல் எங்கிருந்து வந்தது? எஞ்சின் எரித்த எரிபொருளிலிருந்துதான். பயண உயரத்தில் ஒரு ஜெட் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் விசையில் ஏறக்குறைய 40 சதவீதம் இப்படி வருவது. ஓடுபாதையை விட்டு மெதுவாக மேலேறும் நேரத்தில் இந்தப் பங்கு இன்னும் அதிகம்.

விங்லெட், அதாவது அந்த வளைந்த நுனியை, வைத்தால் சுழல் நின்றுவிடும் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். நிற்காது. சுழல் பலவீனமாகிறது, பரவலாகிறது, அவ்வளவுதான். அதோடு, நுனியைச் சுற்றிச் சாய்வாக வரும் காற்றிலிருந்து சிறிதளவு முன்னோக்கிய விசையையும் அது பெற்றுக்கொள்கிறது. அதனால் அதை ஒரு சின்ன இறக்கை என்றே வடிவமைக்க வேண்டும். 1897இலேயே இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர் இறக்கை முனையில் பலகை வைக்கும் யோசனைக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் வெறும் பலகை வைத்தால் அதன் உராய்வே லாபத்தை விழுங்கிவிடும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருள் சிக்கனம் பெரிய பேச்சானபோது, நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் இருந்த ரிச்சர்ட் விட்காம் பலகையைச் சிறு இறக்கையாகச் செதுக்கி, காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, 1976இல் முடிவுகளை வெளியிட்டார். பிறகு அமெரிக்க விமானப்படையின் கேசி-135 விமானம் ஒன்றில் பொருத்திப் பறந்து பார்த்தார்கள். பறக்கும் தூரம் 7 சதவீதம் வரை கூடியது. எஞ்சினைத் தொடாமல் 7 சதவீதம் என்பது இந்தத் தொழிலில் லேசான விஷயம் இல்லை.

உங்கள் தூத்துக்குடிச் சந்தேகத்துக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போனது ஏடிஆர் 72 ரக விமானமாக இருக்கும், விசிறி எஞ்சின் வைத்தது. அதன் இறக்கை அகலத்தில் ஒடுங்கியது, நீளத்தில் தாராளமானது. நீளமான இறக்கையில் நுனி இழப்பு இயல்பாகவே குறைவு. பறப்பதோ குறைந்த தூரம். நுனியில் கூடுதலாக எடையை ஏற்றி, அதைத் தாங்க இறக்கையின் வேர்ப்பகுதியையும் பலப்படுத்தினால், மிச்சமாகும் எரிபொருள் அந்த எடையைச் சுமக்கவே செலவாகிவிடும். இதே கணக்கைப் போயிங் நிறுவனமே ஒருமுறை போட்டது. 1989இல் சேவைக்கு வந்த 747-400 ஜம்போவின் அடையாளமே ஆறடி விங்லெட்தான். ஆனால் ஜப்பானின் உள்நாட்டுக் குறுந்தூரச் சேவைக்கென்று செய்த 747-400டி ரகத்தில் அதை வைக்காமலேயே விட்டார்கள். ஆக, அந்த நுனி எல்லா விமானத்துக்கும் ஏற்றதன்று. எவ்வளவு தூரம் பறக்கிறது, எத்தனை முறை பறக்கிறது என்பதே முடிவு செய்கிறது.

பறக்கும் தூரம் போதுமானதாக இருந்தால் எவ்வளவு மிச்சம்? தோராயமாக ஒரு கணக்குப் போடுவோம். சென்னை–டெல்லி போக ஒரு ஏ320 சுமார் 6 டன் எரிபொருள் எரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைந்த நுனி அதில் 3 சதவீதம் மிச்சப்படுத்தினால் 180 கிலோ, அதாவது ஏறக்குறைய 225 லிட்டர். ஒரு கிலோலிட்டர் 90,000 ரூபாய் என்றால் ஒரு பயணத்துக்கு 20,000 ரூபாய். நாளைக்கு நான்கு பயணம் போகும் விமானத்துக்கு வருடத்தில் இரண்டரைக் கோடிக்கு மேல். ஒரே ஒரு விமானத்துக்கு. விமான எரிபொருள் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, மாநில வரியும் அதன் தலையில் விழுகிறது என்பதால் நம் நாட்டு நிறுவனங்களுக்கு இந்த மிச்சம் கூடுதலாகவே இனிக்கும். கார்பன் கணக்கு வேறு சேர்ந்துகொண்டது. சர்வதேசப் பறப்புகளின் உமிழ்வை ஈடுகட்டச் சொல்லும் கோர்சியா திட்டம் 2027 முதல் கட்டாயமாகிறது.

சரி, இறக்கையையே நீட்டிவிட்டால் என்ன? காற்றியல்படி பார்த்தால் அதுதான் நேர்வழி. தடையாக இருப்பது விமான நிலையம். ஏ320, 737 போன்றவை நிற்கும் இடங்கள் 36 மீட்டருக்குக் குறைவான இறக்கை அகலத்துக்கென்று (ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை) வகுக்கப்பட்டவை. பழைய ஏ320இன் அகலம் 34.1 மீட்டர். ஷார்க்லெட் என்று ஏர்பஸ் பெயர் வைத்த 2.4 மீட்டர் உயர நுனியைப் பொருத்திய பிறகு 35.8 மீட்டர். எல்லைக்கு ஒரு சாண் உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள். பக்கவாட்டில் இடம் இல்லாததால் மேலே வளைந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

இனி உங்கள் மகன் காட்டிய அறிக்கைக்கு வருவோம். இலவசமாகக் கிடைக்கும் சந்தை அறிக்கைச் சுருக்கம் என்பது முழு அறிக்கையை விற்பதற்கான விளம்பரம். ஆண்டுக்கு இத்தனை சதவீத வளர்ச்சி என்று ஒரு எண் அதில் இருக்கும். அந்த எண்ணைக் கடன் விண்ணப்பத்தோடு இணைத்தால் வங்கி மேலாளர்கூட மகிழ்வார். ஆனால் இரண்டு முற்றிலும் வேறான வியாபாரங்களை ஒரே மூட்டையாகக் கட்டி அதில் எழுதியிருப்பார்கள். ஒன்று, புது விமானத்தோடு தொழிற்சாலையிலேயே வருவது. மற்றொன்று, ஏற்கனவே பறந்துகொண்டிருக்கும் விமானத்தில் பின்னால் பொருத்துவது.

பின்னால் பொருத்துவதுதான் சுவையான கதை. சியாட்டிலில் உள்ள ஏவியேஷன் பார்ட்னர்ஸ் என்ற சிறிய நிறுவனம் 1990களில் வணிக ஜெட்களுக்கு, இறக்கையிலிருந்து மடிப்பே தெரியாமல் வளைந்தெழும் நுனிகளைச் செய்தது. போயிங்கே அதோடு கைகோத்து 1999இல் கூட்டு நிறுவனம் தொடங்கியது. 2001இல் ஜெர்மனியின் ஹபாக்-லாய்டு நிறுவனத்தின் 737-800 எட்டடி உயர நுனிகளோடு சேவைக்கு வந்தது. அதன்பிறகு 737, 757, 767 என்று உலகம் முழுக்கப் பழைய இறக்கைகளின் நுனியை அறுத்துப் புதியது பொருத்தினார்கள். 2014இல் மேலும் கீழும் இரண்டாகப் பிரிந்த நுனி வந்தது. யுனைடெட் முதலில் பறக்கவிட்டது. அயர்லாந்தின் ரயன்ஏர் தன் 400க்கும் மேற்பட்ட 737-800 விமானங்களில் அதைப் பொருத்தப்போவதாக 2022இல் அறிவித்தது. ஏற்கனவே விங்லெட் உள்ள விமானங்கள்தான், இன்னும் ஒன்றரை சதவீதம் மிச்சம் கிடைக்கும் என்பதற்காக இந்தச் செலவு.

புது விமானம் வாங்கினாலே சிக்கனம் கிடைக்குமே, பழையதில் ஏன் பணத்தைக் கொட்டுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். புது விமானம் கிடைப்பதில்லை. 2024 இறுதியில் ஏர்பஸ்ஸிடம் மட்டும் ஒப்படைக்காமல் நின்ற ஆர்டர்கள் 8,600க்கு மேல். அந்த ஆண்டு முழுவதும் அது ஒப்படைத்தது 766. வரிசையில் நிற்பவர்கள் பழைய விமானத்தை இன்னும் சில வருடம் ஓட்டியாக வேண்டும். ஓட்டுவதானால் எரிபொருளைக் குறைத்தாக வேண்டும். தேவை கூடுகிறது என்று அறிக்கை சொல்வதில் ஒரு பகுதி இந்தக் காத்திருப்பு உண்டாக்கியது. காத்திருப்பு குறையக் குறைய அதுவும் வற்றும். 737 பழைய தலைமுறையின் பயணிகள் விமானத் தயாரிப்பு 2019இலேயே முடிந்துவிட்டது. இனி அந்த வரிசை வயதாகும், குறையும். ஐந்தாறு வருடம்தான் பறக்கப்போகிறது என்ற விமானத்துக்கு யாரும் லட்சக்கணக்கான டாலர் செலவழித்து நுனி மாட்ட மாட்டார்கள்.

புது விமானத்தோடு வருவது நிலையான தேவை. ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். 2024இல் ஏர்பஸ் ஒப்படைத்த ஏ320 குடும்ப விமானங்கள் 602. விமானத்துக்கு இரண்டு நுனி என்றால் உலகத்துக்கே 1,204. மாதம் 100. உற்பத்தியை மாதம் 75 விமானமாக உயர்த்துவது ஏர்பஸ்ஸின் இலக்கு. அது நிறைவேறினாலும் மாதம் 150 நுனி. அறிக்கையில் 'பிரமாண்ட வளர்ச்சி' என்று வரும் விஷயம் பட்டறைக் கணக்கில் இதுதான். நீங்கள் பஸ் முகப்பு செய்கிறவர். மாதம் 150 உருப்படி என்றால் எத்தனை பட்டறைக்கு வேலை வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த 150ஐச் செய்யவும் ஆள் இருக்கிறது. ஏ320 ஷார்க்லெட்டுக்குக் கொரியன் ஏர் நிறுவனத்தின் பூசான் தொழிற்சாலையை 2010இலேயே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஏ350இன் நுனி ஆஸ்திரியாவின் எஃப்ஏசிசி வசம். 737 மேக்ஸின் பிளவு நுனியைச் செய்பவர்களில் ஒருவர் பிரிட்டனின் ஜிகேஎன். இந்த ஒப்பந்தங்கள் ஒரு விமான ரகத்தின் ஆயுள் முழுவதற்கும் நீளக்கூடியவை. விலை குறைவாகத் தருகிறேன் என்று இடையில் நுழைய இது தீப்பெட்டி வியாபாரம் இல்லை.

'அதுவும் ஃபைபர்தானே' என்கிறார் உங்கள் மகன். படித்த பிள்ளை இப்படிச் சொல்வது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான். உங்கள் பட்டறையில் கண்ணாடி இழைப் பாயை அச்சில் விரித்து, பிசினை உருளையால் தேய்த்து, வெயிலில் உலர விட்டால் வேலை முடிந்தது. இங்கும் அங்குமாகக் காற்றுக்குமிழ் இருந்தாலும் காற்றாலை மூடி இருபது வருடம் நிற்கும். விமான நுனிக்கான கார்பன் துணி பிசின் ஊறியே வருகிறது. வரும்போதே உறைநிலையில் வர வேண்டும், மைனஸ் 18 டிகிரியில் வைக்க வேண்டும். உறைபெட்டியை விட்டு வெளியே இருந்த ஒவ்வொரு மணி நேரமும் அந்தச் சுருளின் அட்டையில் ஏறிக்கொண்டே போகும். அனுமதித்த நேரம் தாண்டினால், பார்க்கப் புதிது போலவே இருந்தாலும், குப்பைக்குத்தான். இரவில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் கிளம்பவில்லையென்றால் காலையில் அந்தச் சரக்கின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். வெட்டி அடுக்கும் அறையில் தூசி, ஈரப்பதம், வெப்பம் மூன்றும் கட்டுக்குள் இருக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கின் இழையும் எந்தக் கோணத்தில் ஓடுகிறது என்பதை ஒருவர் வைக்க, இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பிறகு ஆட்டோகிளேவில் ஏறக்குறைய 180 டிகிரி வெப்பம், ஏழெட்டு மடங்கு வளிமண்டல அழுத்தம். வெளியே வந்ததும் மீயொலிச் சோதனை. உள்ளே காற்றிடம் 2 சதவீதத்தைத் தாண்டினாலே பொதுவாகப் பாகம் தள்ளுபடி.

அதற்கு மேலும் இருக்கிறது. இறக்கை நுனி மின்னல் முதலில் பாயும் இடங்களில் ஒன்று. கார்பன் ஃபைபர் உலோகத்தைப்போல மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் மேற்பரப்பின் அடியில் மெல்லிய செம்பு வலையைப் பதித்து, அது இறக்கையின் உலோகத்தோடு அறுபடாமல் தொடர்கிறதா என்று மின்தடையை அளந்து பார்ப்பார்கள். இடது நுனியில் சிவப்பு விளக்கு, வலது நுனியில் பச்சை, நிலைமின்சாரத்தைக் கசியவிடும் சிறு குச்சிகள் என்று எல்லாம் அந்த இடத்தில்தான். எடையும் சில கிராம் வரை கணக்கில் வரும். கடைக்கோடியில் கூடும் ஒவ்வொரு கிலோவும் இறக்கையின் வேரில் பல மடங்காக வளைக்கிறது, அதிர்வின் இயல்பையும் மாற்றுகிறது. பெயின்ட்டின் கனம்கூட வரையறைக்கு உட்பட்டது.

இத்தனையும் செய்து முடித்தாலும் உங்களால் அதை விற்க முடியாது. வடிவம் ஏர்பஸ்ஸுக்கோ போயிங்குக்கோ சொந்தம். நீங்களே புதிதாக ஒன்றை வடிவமைத்துப் பழைய விமானத்தில் மாட்ட வேண்டுமானால், அந்த விமான ரகத்துக்குத் துணைச் சான்றிதழ் வாங்க வேண்டும். கணக்கீடு, தரைச் சோதனை, பறப்புச் சோதனை என்று ஆண்டுக்கணக்கில் ஆகும் வேலை அது. பெரியவர்களுக்கே இது சிக்கல்தான். ஷார்க்லெட் தொடர்பாக ஏர்பஸ்ஸும் ஏவியேஷன் பார்ட்னர்ஸும் 2011இல் தொடங்கிய காப்புரிமை வழக்கு 2018இல்தான் சமரசத்தில் முடிந்தது. அமெரிக்காவின் டாமரக் நிறுவனம் சிறு ஜெட்களுக்குத் தானாக அசையும் பட்டையோடு கூடிய நுனிகளைச் செய்து சான்றிதழும் வாங்கியிருந்தது. ஒரு விபத்துக்குப் பிறகு 2019இல் ஐரோப்பிய, அமெரிக்க அதிகாரிகள் அவற்றைப் பொருத்திய விமானங்களைத் தரையில் நிறுத்தினார்கள். சில மாதங்களில் திருத்தம் செய்து மீண்டும் அனுமதி வந்தது. அந்தச் சில மாதங்களை அடமானக் கடனோடு நீங்கள் தாங்குவீர்களா?

ஆட்டோகிளேவ் பற்றி ஒரு வார்த்தை. அது வெறும் அழுத்தக் கலம். யார் இயக்கினார்கள், எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் வைத்தார்கள், உணர்கருவிகள் எப்போது அளவுதிருத்தம் செய்யப்பட்டன என்ற பதிவுகள் இருந்தால்தான் விமான வேலைக்கு அதற்கு மதிப்பு. பழைய ஆட்டோகிளேவ் விற்கிற தரகர்கள் பெரும்பாலும் கலத்தை மட்டும்தான் விற்பார்கள். பதிவுகளைக் கேட்டால் 'அதெல்லாம் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்' என்பார்கள். அதன் உள்விட்டத்தையும் கேளுங்கள். 2.4 மீட்டர் நுனி அச்சோடு சேர்ந்து அதற்குள் படுக்குமா என்பதை அவர்கள் யோசித்திருக்கவே மாட்டார்கள்.

அடுத்த தலைமுறை எந்தப் பக்கம் போகிறது என்பதையும் கவனியுங்கள். போயிங் 787இல் நிமிர்ந்த நுனியே கிடையாது. இறக்கை அப்படியே பின்னோக்கிச் சீவப்பட்டு முடிகிறது. அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து பறக்கும் கடற்படையின் பி-8ஐ விமானமும் 737இலிருந்து பிறந்ததுதான். அதன் நுனியும் சீவல் ரகம். போயிங் 777எக்ஸில் நீளத்தைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, தரையில் நுனியை மடக்குகிறார்கள். பறக்கும்போது 71.75 மீட்டர், மடக்கினால் 64.85 மீட்டர், 65 மீட்டர் நிறுத்துமிடத்துக்குள் அடங்கிவிடும். ஏர்பஸ்ஸும் நீண்ட, மடங்கும் இறக்கைகளைத்தான் ஆராய்கிறது. ஆக, தனியாகச் செய்து கொண்டுவந்து மாட்டுகிற பாகம் என்ற நிலையே தேய்ந்து, நுனி இறக்கையோடு ஒன்றாகிவருகிறது. ஆட்டோகிளேவ் கடன் அடைபடும் காலத்தில் விங்லெட் என்ற தனி உருப்படி எவ்வளவு மிஞ்சும் என்பது எனக்குப் பெரிய சந்தேகம்.

இவ்வளவு எதிர்மறையாகப் பேசிவிட்டு உங்களை அப்படியே விட்டுவிட மாட்டேன். இந்தத் துறையில் உங்களுக்கு இடம் இருக்கிறது. வேறு வாசல் வழியாக.

விமான நிலையத்தில் அதிகமாக அடிபடும் பாகங்களில் ஒன்று இறக்கை நுனி. உணவு வண்டி உரசும், இழுவை வண்டிக்காரர் திருப்பத்தைத் தவறாகக் கணிப்பார், பக்கத்து விமானமே இடித்துவிடும். 2024 மார்ச்சில் கொல்கத்தாவில் தர்பங்கா கிளம்பிய விமானத்தின் நுனி, சென்னைக்குக் கிளம்பக் காத்திருந்த இன்னொரு விமானத்தின் இறக்கையில் மோதியது. உடைந்த துண்டு தரையில் கிடந்தது. விமானங்கள் பெருகப் பெருக இதுவும் பெருகும். இண்டிகோ 2023இல் ஒரே நாளில் 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஏர் இந்தியா அதே ஆண்டில் 470. அத்தனையும் நம் நாட்டின் நெருக்கடியான நிறுத்துமிடங்களுக்குத்தான் வரப்போகின்றன. பராமரிப்பு வேலைக்கான ஜிஎஸ்டியை 2020இல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்ததும் இந்த வேலை வெளிநாட்டுக்குப் போகாமல் இங்கேயே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான்.

பழுது பார்ப்பது கையால் செய்யும் வேலை, ஐயா. அடிபட்ட இடத்தைச் சுற்றி ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போவோம். அடுக்குகள் ஒட்டியிருக்கும் இடத்தில் 'டிக்' என்று தெளிவாகக் கேட்கும். பிரிந்த இடத்தில் ஓசை மங்கி மடிந்துவிடும். மங்கும் எல்லையைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்தால், வெளியே ஐம்பது பைசா அளவு தெரிந்த காயம் உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருக்கும். மீயொலிக் கருவியில் உறுதி செய்துகொண்டு, உற்பத்தியாளரின் பழுதுக் கையேட்டில் அந்த இடத்துக்கு எவ்வளவு அனுமதி என்று பார்க்க வேண்டும். பிறகு தேய்ப்பு. ஒவ்வோர் அடுக்குக்கும் ஏறக்குறைய அரை அங்குலம் படி விட்டு இறங்க வேண்டும். சரியாகத் தேய்த்தால் அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரியும், ஒவ்வொரு வளையத்திலும் இழை ஓடும் திசை மாறுவது கண்ணுக்கே புலப்படும். அதே திசையில் புது அடுக்குகள், மேலே செம்பு வலை, வெற்றிடப் பை, சூடேற்றும் போர்வை. பல பழுதுகளுக்கு ஆட்டோகிளேவே தேவைப்படாது. கை பழகியவன் செய்த பழுதுக்கும் அவசரக்காரன் செய்ததற்கும் உள்ள வித்தியாசம் அந்த வளையங்களிலேயே தெரிந்துவிடும். உங்கள் பட்டறையில் இருபது வருடம் ஃபைபர் தேய்த்த கைகள் இருக்கின்றன. அதற்கு விலை உண்டு.

இந்த வேலையை உங்கள் பெயரில் செய்ய விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் 145 பராமரிப்பு அனுமதி வேண்டும். முதல் நாளே அதற்குப் பாயாதீர்கள். மகனை ஹைதராபாத், நாக்பூர் போன்ற ஊர்களில் உள்ள பராமரிப்பு நிலையம் ஒன்றின் கூட்டுப்பொருள் (கார்பன் ஃபைபர் போன்றவை) பிரிவில் வேலைக்கு அனுப்புங்கள். சம்பளம் சுமாராகத்தான் இருக்கும். மீயொலிச் சோதனையில் இரண்டாம் நிலைச் சான்று, பழுதுக் கையேடு படிக்கும் பழக்கம், கையெழுத்தின் பொறுப்பு என்ன என்ற பயம், இந்த மூன்றும் அங்கேதான் வரும். கல்லூரியில் வராது.

அந்த இடைக்காலத்தில் நீங்கள் பறக்காத பொருள்களில் இறங்கலாம். இதை யாரும் சந்தை அறிக்கையில் எழுதுவதில்லை. விமானப் பாகங்களை அடுக்கி அனுப்பும் தொட்டில்கள், பழுதாகி வரும் நுனியை நிமிர்த்திப் பிடிக்கும் தாங்கிகள், நிறுத்தத்தில் அடிபடாமல் மாட்டும் பாதுகாப்பு உறைகள், துளையிடும் வார்ப்புருக்கள், விளிம்பு சீவும்போது பாகத்தைக் கவ்விக்கொள்ளும் அச்சுகள். இவை பறப்பதில்லை என்பதால் பறப்புத் தகுதிச் சான்று தேவையில்லை. வாங்குபவரின் அளவும் தரமும் பொருந்தினால் போதும். கையில் இருக்கும் கண்ணாடி இழையும் உங்கள் ஆட்களும் இதற்குப் போதுமானவர்கள். பெங்களூரு, பெலகாவி, ஹைதராபாத்தில் உள்ள பாகத் தயாரிப்பாளர்களுக்கு இவை இல்லாமல் ஒரு நாள் ஓடாது. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் கோவையும் ஒன்று. கொடிசியா தொழில் சங்கத்தின் பாதுகாப்புப் புத்தாக்க மையம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஒரு நாள் நேரில் போய், கண்ணாடி இழைத் தொட்டில்களுக்கு யார் விலை கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

செலவு செய்தே ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தால் விமானத் துறைக்கான ஏஎஸ்9100 தரச்சான்றுக்குச் செய்யுங்கள். ஆட்டோகிளேவ் விலையில் சிறு பகுதிதான் ஆகும். அதற்காகக் குறிப்பேடு எழுதப் பழகும்போதே உங்கள் பஸ் முகப்பு வியாபாரத்தில் கழிவு குறைவதைப் பார்ப்பீர்கள். விமான ஆர்டர் ஒன்றுகூட வராவிட்டாலும் அந்தப் பணம் வீண் போகாது.

தரகருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதைப் பாருங்கள். 'ஆய்வுக்குப் பின்' என்ற நிபந்தனை இருந்தால், கலத்தின் வெப்பப் பதிவுகளையும் அழுத்தச் சோதனைச் சான்றையும் எழுத்தில் கேளுங்கள். அவரால் தர முடியாது, பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். மகனின் விண்ணப்பத்தில் 'விங்லெட் வடிவமைப்பு' என்று பெரிதாகப் போட வேண்டாம். பட்டறையில் அவர் கைப்படச் செய்த ஒரு பாகத்தின் படம், அதில் வந்த குறை, அந்தக் குறையை எப்படிக் கண்டுபிடித்தார் என்ற ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றை இணைக்கச் சொல்லுங்கள். கூட்டுப்பொருள் பிரிவில் ஆள் எடுப்பவர்கள் முதலில் படிப்பது அதைத்தான்.